லாயத்துக்குப் போக லிப்ஸ்டிக் எதுக்கு?

காலை எட்டரை மணிக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சும்மா ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஆபீஸுக்குக் கிளம்பிய நம் ஆண் சிங்கங்களின் முகத்தில் பவுடர் ஒரு கோட்டிங். காலருக்குள் கர்ச்சீப். பாக்கெட்டில் குட்டிச் சீப்பு. பைக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை முடியைக் கோதாமல் வண்டியைக் கிளப்புகிற இளைஞர் யாராவது கண்ணில் பட்டால், அவருக்கு ராமேஸ்வரம் நண்டு ஒரு கிலோ என் செலவில்! (இதுவரை எனக்குச் செலவு வைத்தவர் யாரும் இல்லை.)

இத்தனைக்கும் நம்மூர் வெயிலில் அந்தப் பவுடர் கேணிக்கரை தாண்டுவதற்குள் வியர்வையோடு வழிந்து சட்டைக்கு வந்துவிடும். அது தெரிந்தும் பூசுகிறோம். யாரும் நம்மைப் பார்த்து, "ஏண்ணே, லெட்ஜர் எழுதப் போறதுக்கு எதுக்குண்ணே பவுடரு?" என்று கேட்பதில்லை.

ஆனால் ஒரு பெண் கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம் வைத்துக்கொண்டு குதிரை ஓட்டப் போனால் மட்டும், "அங்க எதுக்கும்மா மேக்கப்பு?" என்று ஊரே கேட்கிறது.

'நம்ம ஊருல யாருப்பா குதிரை ஓட்டுறா?' என்றுதானே கேட்கிறீர்கள்? என் அக்கா மகள் ஓட்டுகிறாள் சார்!

பீஸ் கட்டியாச்சு, ஆள் வரலை!

சென்னையில் பேங்க் வேலை. சின்ன வயதில் கேலண்டரில் குதிரைப் படம் பார்த்தாலே கிழித்துப் பத்திரப்படுத்துகிற பெண். கையில் நாலு காசு சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குதிரையேற்றப் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். மூன்று மாதத்துக்குப் பீஸ் முன்பணம். திருப்பித் தர மாட்டார்களாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனாள. மூன்றாவது வாரம், பயிற்சி முடிந்து நேராக ஒரு தோழி வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டுமென்பதால், கொஞ்சம் அலங்காரத்தோடு போயிருக்கிறாள். கூடப் பயிற்சிக்கு வந்த ஓர் ஆசாமி, "என்ன மேடம், குதிரைக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவரும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.

அக்கா போன் பண்ணினாள். "தம்பி, நீ பத்திரிகையில எல்லாம் எழுதுறவன்ல? அவகிட்ட ஒரு வார்த்தை பேசுடா. காசு போனாப் போகுது. பிள்ளைக்கு மொகமே செத்துப் போச்சு."

பேசினேன். அவள் சொன்னது ஒரே வாக்கியம்தான். "மாமா, குதிரை என்னைப் பார்த்துச் சிரிக்கல. மனுஷன்தான் சிரிச்சான்."

மறுநாள் ஆபீஸ் டீக்கடையில் விஷயத்தைப் போட்டேன். இரண்டு கட்சி ஆகிவிட்டது.

"லாயம்ங்கிறது லத்தியும் கொள்ளுமா கெடக்கிற எடம். அங்க போயி லிப்ஸ்டிக்கா? ஒரு நியாயம் வேணாமாண்ணே?" இது அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்.

"உன் மூஞ்சியிலயா பூசுனாங்க? உனக்கு என்னய்யா வலிக்குது?" இது டெஸ்பாட்ச்.

டீ ஆறியது. தீர்ப்பு வரவில்லை. சரி, சம்பந்தப்பட்ட முக்கியமான ஆள் ஒருத்தர் இருக்கிறாரே, அவரை யாருமே கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. யார்? குதிரைதான்!

மார்க்கோ போலோ அடித்த குட்டு

குதிரையைக் கேட்காமல் குதிரை வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையை விடப் பெரிய உதாரணம் உலகத்தில் கிடையாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. அரேபியா, பாரசீகக் கரையிலிருந்து. முக்கியத் துறைமுகம் காயல். நமக்குக் கொஞ்சம் தெற்கே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில். ஒரு குதிரை விலை 220 செம்பொன் தினார் என்று பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாப் எழுதி வைத்திருக்கிறார். வழியில் குதிரை செத்துப் போனாலும் பணம் ராஜாவின் கஜானாவிலிருந்து வந்துவிடும் என்பது ஒப்பந்தம். இப்படி ஒரு பிசினஸ் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்!

அந்தச் சமயம் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ தலையில் அடித்துக்கொள்கிறார். ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறாராம், அவருடைய சகோதரர்களும் அதே மாதிரி வாங்குகிறார்களாம், வருஷக் கடைசியில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லையாம். ஏன்? அரிசியோடு கறியையும் வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள், புல் தின்கிற பிராணிக்கு! லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் ஒரு போடு போடுகிறார் போலோ. பழைய குதிரை செத்தால்தானே புதுக்குதிரை விற்கும்?

ஆக, நம் முன்னோர் குதிரைக்குப் பொன்னைக் கொட்டினார்கள். பிரியாணியும் போட்டார்கள். அதற்கு எது ஒத்துக்கொள்ளும் என்று மட்டும் பார்க்கவில்லை. இந்த மேக்கப் விவகாரத்திலும் நாம் அதே தப்பைச் செய்யலாமா?

குதிரை என்ன சொல்லுது?

முதலில் கண். குதிரைக்கு முகத்தின் இரண்டு பக்கமும் கண். கழுத்தைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் கீழேயும், வாலுக்கு நேர் பின்னாலேயும் இருப்பது தெரியாது. (பின்னால் போய் நின்று உதை வாங்கியவர்கள் கோபப்படாதீர்கள். அதற்கு உங்களைத் தெரியவே தெரியாது.) நமக்கு நிறம் பிரித்துக் காட்ட மூன்று வகை செல்கள். குதிரைக்கு இரண்டே வகை. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பை மட்டும் தனி நிறமாகப் பிரித்துப் பார்க்க அதனால் ஆகாது. நீங்கள் எவ்வளவு விலையில் செக்கச் செவேலென்று லிப்ஸ்டிக் போட்டாலும் குதிரைக்கு அது மங்கின ஒரு நிறம். அவ்வளவுதான்!

அடுத்தது மூக்கு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. குதிரை முகத்தைப் பார்த்து மட்டும் ஆளை அடையாளம் வைப்பதில்லை. குரலும் வாசனையும் சேர்த்துத்தான் வைத்திருக்கும். புது வாசனை தூக்கலாக வந்தால் மேலுதட்டைச் சுருட்டித் தூக்கிப் பல்லைக் காட்டும். 'குதிரை சிரிக்குது பாரு' என்று நாம் போட்டோ எடுப்போம். அது சிரிப்பில்லை சார், ஆராய்ச்சி! அந்த வாசனையை மேல்வாய்க்கு மேலே இருக்கிற ஒரு தனி உறுப்புக்கு அனுப்பி, 'யார் இந்த ஆசாமி?' என்று பரிசோதிக்கிறது.

அதனால் உதட்டுச் சாயத்தைவிட சென்ட்தான் பிரச்னை. அதிலும் ஸ்ப்ரே. 'புஸ்ஸ்' என்கிற சத்தம் கேட்டால் பல குதிரைகள் மிரளும். லாயத்துக் காற்றில் ஏற்கெனவே வைக்கோல் தூசி. குதிரையின் நுரையீரல் தூசிக்கு ரொம்பவே பயப்படும். ஆஸ்துமா மாதிரி இழுப்பு அதற்கும் வரும். அங்கே போய் பவுடரை உதறுவதும், பாடி ஸ்ப்ரேயை அக்குளுக்கு அடிப்பதும் (இது நம் ஆண்கள் டிபார்ட்மென்ட்!) கூடாது.

முண்டு மிளகாயும் ஒலிம்பிக்கும்

அப்புறம் நாக்கு. குதிரைக்கு உப்பு உயிர். உங்கள் கையிலும் கன்னத்திலும் இருக்கிற வியர்வையை நக்கும். அப்போது நீங்கள் பூசியிருக்கிற கிரீம், தைலம் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும்.

'போனா என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. கதையில் வில்லன் நமக்கு ரொம்ப வேண்டப்பட்டவர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை உங்களுக்குத் தெரியும். எந்த மிளகாய்க்கும் காரம் கொடுப்பது கேப்சைசின் என்கிற சரக்கு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தாண்டும் போட்டியில் வந்த சில குதிரைகளின் ரத்தம், சிறுநீரைச் சோதித்தால்... கேப்சைசின்! நார்வே அணிக்குக் கழுத்தில் விழுந்த வெண்கலப் பதக்கம் கமீரோ என்ற ஒரே குதிரையால் பறிபோனது.

மிளகாய்ச் சாறு கலந்த களிம்பு வலியை மரக்கச் செய்யும். காலில் தடவினால் தோல் எரிச்சல் எடுத்து, கட்டையில் கால் படப் பயந்து குதிரை இன்னும் உயரமாகத் தாண்டும். இரண்டுமே போங்கு. அதனால்தான் தடை. இன்றைக்குப் போட்டிக் குதிரை வைத்திருப்பவர்கள், பராமரிக்கிற ஆளின் கையில் என்ன மருந்து பூசியிருக்கிறது என்று வரை பார்க்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். லாயத்தில் எது ஆபத்து? அக்கா மகளின் கண் மையா, அல்லது முதுகுவலிக்கு அழுத்தித் தேய்த்துவிட்டுக் கையைக் கழுவாமல் வந்து குதிரையின் மூக்கைத் தடவுகிற நம்ம ஆளின் தைலமா?

அலங்காரம் குதிரைக்கு என்றால்?

வேடிக்கை என்னவென்றால், 'லாயத்துக்கு மேக்கப் எதுக்கு?' என்று கேட்கிற இதே உலகம் பிராணிகளுக்கு மேக்கப் போடுவதில் சளைத்ததில்லை. அரபுக் குதிரைக் கண்காட்சிகளில் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் எண்ணெய்ப் பூச்சு தடவிப் பளபளவென்று நிறுத்துவார்கள். குளம்புக்குப் பாலிஷ் உண்டு. முகம் வழுவழுவென்று இருக்கட்டுமென்று வாய்ப் பக்கத்து மீசை முடியைச் சிரைத்தும் விடுவார்கள். பாவம், மூக்குக்குக் கீழே கண் தெரியாத குதிரைக்கு அந்த முடிதான் தடவிப் பார்க்கிற விரல். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலையிலிருந்து அதற்குத் தடை போட்டுவிட்டது. அழகுக்காக மீசையை எடுத்தால் குதிரைக்குப் போட்டியிலேயே இடம் கிடையாது. (மீசைக்கு மரியாதை கொடுக்கிற சங்கம். நம் ஜில்லாக்காரர்களுக்குப் பிடிக்கும்!)

சவுதி அரேபியாவில் 2021 டிசம்பரில் நடந்த ஒட்டக அழகுப் போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். உதடு தொங்க வேண்டும், முகம் எடுப்பாக இருக்க வேண்டுமென்று ஒட்டகத்துக்கு போடாக்ஸ் ஊசி! கண்டுபிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களை வெளியே அனுப்பினார்கள். ஒட்டகமா கேட்டது?

தன் முகத்துக்குத் தானே பூசிக்கொள்வது வேறு. வாயில்லாத ஜீவனுக்குப் பூசிவிடுவது வேறு. கேள்வி கேட்க வேண்டிய இடம் இரண்டாவதுதான்.

ராணியைக் கேட்டார்களா?

சரி, குதிரைக்கு ஆட்சேபணை இல்லை. 'குதிரை ஓட்டுறதுன்னா சீரியஸான வேலை. அலங்காரம் பண்ணிக்கிறவங்களால அது முடியுமா?' என்று அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் விடாமல் மல்லுக்கு நின்றது.

நம்ம ஊரிலேயே பதில் இருக்கிறது. 1730-ல் ராமநாதபுரம் சேதுபதி வீட்டில் பிறந்த பெண் குழந்தை, குதிரையேற்றமும் வாளும் வில்லும் பழகி வளர்ந்தது. பிற்பாடு சிவகங்கைக்கு ராணி. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையிடம் உயிரைவிட்டார். எட்டு வருஷம் திண்டுக்கல் பக்கம் மறைந்திருந்து, ஹைதர் அலியிடம் உதவி வாங்கி, 1780-ல் சீமையைத் திரும்பப் பிடித்தார். வேலுநாச்சியார்! 2008-ல் தபால்தலைகூட வந்தது. அந்த அம்மா குதிரையேறும்போது நெற்றியில் திலகம் இருந்ததா, கண்ணில் மை இருந்ததா என்று வெள்ளைக்காரன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஓடத்தான் நேரம் இருந்தது.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் போயிருக்கிறீர்களா? பக்கத்திலேயே இருப்பதால் போயிருக்க மாட்டீர்கள். சுவரெல்லாம் ஓவியம். போர்க்களமும் இருக்கிறது, அந்தப்புரமும் இருக்கிறது. அதில் ராஜாவைப் பாருங்கள். காதில், கழுத்தில், கையில் நகையோ நகை. வீரமும் அலங்காரமும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதில் நம் சேதுபதிகளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஒலிம்பிக்கில் குதிரையேற்றம் ஒரு காலத்தில் ராணுவ அதிகாரிகளின் கோட்டை. 1952-ல்தான் பெண்களை உள்ளே விட்டார்கள். அந்த முதல் தடவையே டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் வெள்ளி வாங்கினார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர்! இன்று ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே மார்க்குக்கு மோதுகிற ஒலிம்பிக் விளையாட்டு இது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியதே, குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழித்து வந்த தங்கம் அது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா. இரண்டு ஆண், இரண்டு பெண். நடுவர்கள் பார்த்தது குதிரையின் நடையை. நாலு பேர் கன்னத்தையும் அல்ல.

கடலில் இருந்து கன்னத்துக்கு

இன்னொரு விஷயம். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் போனால் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களைப் பார்க்கலாம். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணிச்சுற்று. 'இதென்ன கோலம்?' என்று கேட்கிறவன் அந்த வேலையை ஒரு மணி நேரம் செய்து பார்த்தவனாக இருக்க மாட்டான். அது வேலைக்கு ஏற்ற கோலம். அவர்கள் எடுக்கிற பாசியிலிருந்து வருகிற அகார், ஆல்ஜினேட் மாதிரிச் சரக்குகள்தான் டூத்பேஸ்ட்டையும் முகத்துக்குப் பூசுகிற கிரீமையும் கெட்டியாக்கப் பயன்படுகின்றன. நம் கடற்கரைப் பெண்ணின் உழைப்பு இல்லாமல் ஊர் உலகத்துக்கு மேக்கப்பே கிடையாது, போங்கள்!

அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். என்ன உடுத்துவது, என்ன பூசுவது என்பதை அந்த வேலை முடிவு செய்யட்டும். வேலையைச் செய்கிறவர் முடிவு செய்யட்டும். ஓரமாக நின்று பார்க்கிறவருக்கு அதில் ஓட்டு கிடையாது.

இதையெல்லாம் அக்கா மகளிடம் போனில் சொன்னேன். "பூசறது உன் இஷ்டம். மோதிரத்தைக் கழட்டு. சென்ட் வேணாம். போனதும் முதல்ல குதிரையைத் தேய். அப்புறம் யாரு சிரிக்கிறான்னு பாரு." அடுத்த ஞாயிறு போனாள். மை வைத்துக்கொண்டே போனாள். இப்போது சேணம் தானே பூட்டுகிறாள், குளம்பு சுத்தம் செய்கிறாள், துள்ளோட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். அந்த 'பொண்ணு பாக்க' ஆசாமி? சேணத்தின் வாரை இறுக்கிக் கட்ட இவளைத்தான் கூப்பிடுகிறாராம்!

குதிரை ஓட்ட ஆசைப்படுகிற இளைஞர்களுக்கு, ஆண் பெண் இருவருக்கும், இந்த எளியேன் சேர்த்து வைத்த ஆறு விதிகள்:

1. வெயில் தாங்கும் கிரீம் மேக்கப் இல்லை, கவசம். தாராளமாகப் பூசலாம். நெற்றியில் மட்டும் குறைவாக. வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் எரியும்.

2. மை வைக்கலாம். ஆனால் தூசி பட்டதும் லாயத்துக் கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. பழைய பாணி சுர்மாக்கள் சிலவற்றில் ஈயம் இருக்கும். அதை வீட்டிலும் வைக்க வேண்டாம்.

3. மோதிரம், வளையல், தொங்கட்டான், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வைக்கவும். கயிற்றில் மோதிரம் மாட்டிக் குதிரை ஒரு இழுப்பு இழுத்தால் விரலே போய்விடும். உதட்டுச் சாயத்தால் யாருக்கும் விரல் போனதில்லை.

4. சென்ட், ஸ்ப்ரே, தைலம் மூன்றும் லாயத்துக்கு வெளியே. உள்ளே போகும் முன் கை கழுவவும். வெளியே வந்ததும் இன்னொரு தடவை.

5. தலையில் ஹெல்மெட். ஹேர்ஸ்டைல் கலையுமே என்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான் என்று கேள்வி.

6. யாரையாவது பார்த்துக் கேலி பேச வாய் துடித்தால், உடனே லத்தி அள்ளுகிற கூடையைக் கையில் எடுக்கவும். கை நிறைய வேலை இருந்தால் வாய் தானாக மூடும். அப்படியும் மூடவில்லையென்றால் உங்கள் இஷ்டம். ஆனால் லாயத்தில் வாயைத் திறந்து வைப்பது அவ்வளவு நல்லதில்லை. ஈ ஜாஸ்தி!